இறால் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது: செட்டிநாட்டுக் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி வட்டாரத்தில் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காகச் செர்ரி இறால் என்னும் குட்டிச் சிவப்பு இறாலை வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்டவற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றுவது பற்றித்தான். அவற்றில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நம் ஊர்த் தண்ணீரையும் வெயிலையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, மீன் தொட்டி மாதிரியே வாரம் பாதித் தண்ணி மாத்தினேன். மறுநாள் நாலு இறால் செத்துக் கிடந்துச்சு. புதுத் தண்ணி சுத்தமாத்தான் இருந்துச்சு. (காரைக்குடி)

சுத்தமாக இருந்திருக்கும் தம்பி. ஆனால் பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒரே மாதிரி இருந்ததா? செத்த இறாலை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தலை ஓடும் உடம்பும் சேருகிற இடத்தில் சுற்றிலும் வெள்ளை வளையம் தெரிந்தால், ஓடு உரிக்க முடியாமல் செத்திருக்கிறது. தண்ணீரின் தாது அளவு ஒரேயடியாக மாறினால், உள்ளே புது ஓடு தயாராகும் முன்பே இறால் உரிக்கத் தொடங்கிவிடும். பாதியில் சிக்கிக்கொள்ளும்.

வாரத்துக்கு 10 சதவீதம் போதும். 20 லிட்டர் தொட்டி என்றால் 2 லிட்டர். அதையும் கவிழ்த்து ஊற்றாதீர்கள். மருந்துக் கடையில் புதிதாக ஒரு குளுக்கோஸ் ட்யூப் வாங்கி, வாளியை உயரத்தில் வைத்து, நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி சக்கரத்தைத் திருகி விடுங்கள். தண்ணீர் ஏறி முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் தாதுக்களின் மொத்த அளவு) 800 காட்டுகிறது. சித்திரையில் தினமும் தண்ணீர் வற்றுவதால் அதையே ஊற்றி நிரப்புகிறேன். முட்டை போட்ட இறால்கூட இப்போது இல்லை. (தேவகோட்டை)

நம் ஊரில் இறாலைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். வற்றும்போது ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லிட்டர் தொட்டியில் வாரம் 2 லிட்டர் வற்றி, அதை 800 தண்ணீரால் நிரப்பினால் வாரா வாரம் டிடிஎஸ் 80 ஏறும். 250இல் ஆரம்பித்த தொட்டி ஒரே மாதத்தில் 570க்கு வந்துவிடும். செர்ரி இறாலுக்கு 150 முதல் 300க்குள் இருப்பது நல்லது.

அதனால் வற்றிய அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், அல்லது மழைத் தண்ணீரால். தண்ணீர் மாற்றுவது வேறு, நிரப்புவது வேறு. மாற்றும்போது ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு மழைத் தண்ணீர் கலந்தால் 200ஐ ஒட்டி வரும். ஆனால் உங்கள் தொட்டி இப்போது ஏறிப்போய்க் கிடக்கிறது. ஒரே நாளில் இறக்காதீர்கள், வாரம் 30, 40 குறைந்தால் போதும். இன்னொன்று, டிடிஎஸ் மீட்டர் மொத்தத்தைத்தான் காட்டும். அதில் உப்பு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. போர் தண்ணீர் கரித்தால் அதை விட்டுவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் இறாலுக்கென விற்கிற தாது உப்பைக் கலந்துகொள்ளுங்கள். ஜிஎச், அதாவது தண்ணீரின் கடினத்தன்மை, 6 முதல் 8 வரை வந்தால் போதும்.

வளவில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கலாமா? வீட்டில் அண்டா நிறைய இருக்கிறது. (கானாடுகாத்தான், ஒரு ஆச்சி)

தாராளமாகப் பிடிக்கலாம் ஆச்சி, அந்த முற்றமே அதற்குத் தோதானதுதானே. முதல் மழையை விட்டுவிடுங்கள். ஓட்டில் இருக்கும் தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போகட்டும்.

ஆனால் அண்டா மட்டும் வேண்டாம். செம்பும் வேண்டாம், பித்தளையும் வேண்டாம். இதை நான் இழந்து கற்றுக்கொண்டேன். ஐப்பசி மழையில் எங்கள் அப்பத்தா காலத்துச் செப்பு அண்டாவில் தண்ணீர் பிடித்து, ஒரு வாரம் மூடி வைத்து, தொட்டிக்கு விட்டேன். மறுநாள் காலையில் இறால்கள் பாசியைக் கொறிக்காமல் தரையில் அப்படியே நின்றன. மீசை மட்டும் லேசாக அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்து, மாலைக்குள் முப்பதும் போய்விட்டன. அதே தண்ணீரில் இருந்த கப்பி மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைத் தண்ணீர் மென்மையானது, செம்பை எளிதாகக் கரைக்கும். மனிதர் குடிக்கலாம் என்கிற அளவுகூட இறாலுக்கு நஞ்சு. பித்தளையிலும் பெரும்பங்கு செம்புதான். பிளாஸ்டிக் டிரம் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் பிடியுங்கள். அதை வேறெதற்கும் எடுக்காதீர்கள், முக்கியமாக சோப்பு பக்கமே போகக் கூடாது.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாசனை வருகிறது. (கோட்டையூர்)

ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஏர் பம்ப் ஓட விடுங்கள், குளோரின் போய்விடும். அவசரமென்றால் வண்ண மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குமேல் வேண்டாம். போர் தண்ணீரையும் இப்படி ஓர் இரவு காற்றடித்தே விடுங்கள். பூமிக்குள்ளிருந்து வரும்போது அதில் கரியமில வாயு மிகுந்திருக்கும், அது வெளியேறும்போது பிஎச் ஏறும், அதாவது தண்ணீரின் அமிலத்தன்மை குறையும். அந்த ஏற்றம் வாளியில் நடக்கட்டும், தொட்டியில் வேண்டாம்.

மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கிறதே? (புதுவயல்)

விடிகாலையில் பிடித்து, தொட்டி இருக்கிற அறையிலேயே வையுங்கள். வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருக்கட்டும். தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் சின்ன ஃபேன் ஒன்றை நீர்ப்பரப்பு மேல் வீச விடுங்கள், 2, 3 டிகிரி குறையும். ஐஸ் கட்டி போடவே போடாதீர்கள்.

கிரிஸ்டல் ரெட் வகை இறால் வளர்க்கலாமா? (பள்ளத்தூர்)

சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, இருந்தால் வளர்க்கலாம். இல்லையென்றால் வேண்டாம். அதற்கு 24 டிகிரிக்குள் குளிர்ச்சியும் மென்மையான அமிலத் தண்ணீரும் வேண்டும். நம் வைகாசியில் அது பாவம்.

தண்ணீர் மாற்றியதும் எல்லா இறாலும் பைத்தியம் பிடித்த மாதிரி நீந்துகின்றன. விஷமா? (ஆத்தங்குடி)

பதறாமல் கவனியுங்கள் அம்மா. சுற்றுவது சின்ன ஆண் இறால்கள் மட்டும், பெரிய பெண் இறால்கள் அமைதியாக மேய்கின்றன என்றால் நல்ல செய்தி. ஏதோ ஒரு பெண் இப்போதுதான் ஓடு உரித்திருக்கிறது, வாசனை பிடித்து ஆண்கள் தேடுகின்றன. கண்ணாடி போல ஒரு வெற்று ஓடு எங்காவது கிடக்கும். அதை எடுத்துவிடாதீர்கள், அவையே தின்றுகொள்ளும். சில நாளில் ஒரு பெண் இறாலின் வயிற்றுக்கடியில் முட்டை தெரியலாம்.

ஆணும் பெண்ணும் எல்லாமே மேலே ஏறித் துடித்தால் அது ஆபத்து. உடனே காற்றைக் கூட்டுங்கள். அன்றைக்கு அறையில் கொசு மருந்து ஏதும் ஓடியதா என்றும் பாருங்கள். கொசுவுக்கு அடிக்கும் மருந்து இறாலையும் கொல்லும்.

தண்ணீர் உறிஞ்சும்போது குஞ்சுகளும் போய்விடுகின்றன. (காரைக்குடி)

ட்யூப் வாயில் பழைய நைலான் காலுறைத் துண்டை இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். எடுத்த தண்ணீரை வெள்ளை வாளியில் பிடியுங்கள், உடனே கொட்ட வேண்டாம். பத்து நிமிடம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், அரிசி நொய்யில் பாதி இருக்கும் குஞ்சுகள் வாளியின் ஓரத்தில் ஒட்டி நிற்கும். ஸ்பூனால் மொண்டு திரும்ப விடுங்கள்.