பட்டாவில் 81 என்றால் 81 சென்ட் இல்லை

கேள்வி: எங்களுக்குத் திருவையாறு பக்கம் நிலம். 1974-ல் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே ஆளிடம் அடுத்தடுத்து நன்செய் வாங்கினார்கள். அப்பா பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தில் 6 மா 40 குழி என்று இருக்கிறது. அவர் காலமான பிறகு விற்கலாம் என்று பட்டாவை எடுத்துப் பார்த்தால் 0 - 81.00 என்று வருகிறது. தரகர் 81 சென்ட்தான் என்கிறார். மூன்று மா ஒரு ஏக்கர் என்று நான் கணக்குப் போட்டால் 2 ஏக்கர் 13 சென்ட் இருக்க வேண்டும். தெற்கே பெரியப்பா மகன் வரப்பை வெட்டித் தள்ளிவிட்டாரோ என்று சந்தேகம். போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் கணக்கைச் சரிபார்ப்போம்.

பட்டாவில் பரப்பு இருக்கும் கட்டத்தின் தலைப்பைப் பாருங்கள். ஹெக்டேர் - ஏர் என்று இருக்கும். அதாவது 0 ஹெக்டேர், 81 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சென்ட் கணக்கில் 2.47. ஆக உங்கள் பட்டா 8,100 சதுர மீட்டர், சுமார் 200 சென்ட், முழுசாக இரண்டு ஏக்கர். இதை 81 சென்ட் என்று சொல்பவர் விவரம் தெரியாதவராக இருக்கலாம், விவரமானவராகவும் இருக்கலாம். எப்படியானாலும் அவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

இனி உங்கள் கணக்கு. தஞ்சைப் பக்கத்துக் குழி 12 அடிக் கோலுக்குச் சதுரம், 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 33.06 சென்ட். மூன்று மா சேர்ந்தாலும் ஏக்கருக்கு இரண்டரைக் குழி குறையும். வாய்க்கணக்குக்கு அது போதும், பத்திரத்துக்குப் போதாது. உங்கள் 640 குழி 92,160 சதுர அடி, 211.57 சென்ட், 8,562 சதுர மீட்டர். நீங்கள் நினைத்த பதின்மூன்று சென்ட் குறைவில் ஒன்றே முக்கால் சென்ட் கணக்கிலேயே கரைந்துவிட்டது. உண்மையான வித்தியாசம் சுமார் 462 சதுர மீட்டர், முப்பத்து நாலரைக் குழி.

இதைப் பெரியப்பா மகன் எடுத்திருக்க முடியுமா? தெற்கு வரப்பு 300 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், பதினாறரை அடி உள்ளே வந்திருக்க வேண்டும். நடவு ஆட்களுக்கே தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானது ஒன்று: பட்டாவில் இருக்கும் பரப்பு நில அளவைக் கணக்கிலிருந்து வருவது. இன்று யார் வரப்பை வெட்டினாலும் பட்டா எண் குறையாது. எனவே பட்டாவில் குறைகிறது என்பதை வைத்து அவர்மேல் பழி போட முடியாது.

பின் எங்கே போனது? 1979-ல் தொடங்கிய யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டபோது பழைய சர்வே எண்கள் பல உட்பிரிவுகளாகப் பிரிந்தன. ஒரே பத்திரத்து நிலம் இரண்டு உட்பிரிவாகி, ஒன்று உங்கள் அப்பா பெயரிலும் மற்றது விற்றவர் பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ நின்றுபோன வழக்குகள் டெல்டாவில் சகஜம். வாய்க்கால் கரை தனி உட்பிரிவாகப் போயிருப்பதும் உண்டு. பத்திரத்திலுள்ள சர்வே எண்ணுக்கான அ-பதிவேட்டுப் பகர்ப்பையும் (கிராமத்தின் சர்வே எண்வாரிப் பதிவின் நகல்) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) இ-சேவையில் எடுங்கள். பக்கத்திலேயே 0 - 04.50 மாதிரி ஒரு துண்டு கண்ணில் பட்டால் உங்கள் கவலை ஏறக்குறைய தீர்ந்தது. அதைப் பத்திரத்தைக் காட்டி உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கலாம்.

அப்படி எதுவும் இல்லை என்றால், கட்டணம் கட்டி அளவைக்கு மனுப் போட்டு, சர்வேயரை வைத்து அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லுங்கள். பெரியப்பா மகனுக்கும் முறையாகத் தகவல் போகட்டும். அவர் முன்னிலையில் கல் ஊன்றினால்தான் நிலைக்கும். அளந்த பிறகு பட்டாவில் பிழை என்று தெரிந்தால் வட்டாட்சியரிடம் திருத்த மனு. 1983-ம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி அவருடைய உத்தரவின்மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. ஆனால் எதிர்த்தரப்பு “இது என் நிலம்” என்று உரிமையையே மறுத்தால் வருவாய்த் துறை அதைத் தீர்மானிக்காது, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லும். அங்கே உரிமை விளம்புகை, அதாவது நிலம் உங்களுடையது என்ற அறிவிப்பு, கேட்டு வழக்குப் போட்டு, கோர்ட் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனரை சர்வேயருடன் அனுப்பி அளக்க வைக்கலாம்.

கோர்ட் எதைப் பார்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரத்தில் நான்கெல்லை தெளிவாக இருந்து, பரப்பு மட்டும் முரண்பட்டால், பொதுவாக எல்லைதான் நிற்கும். “வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் நிலம்” என்ற அந்த நாலு வரியை நீங்கள் கேள்வியில் எழுதவே இல்லை. அதைத்தான் நான் முதலில் படிப்பேன். அந்த எல்லைக்குள் தரையில் 605 குழிதான் இருக்கிறது என்றால், பத்திரத்தில் 640 என்று எழுதியிருப்பதால் மட்டும் பக்கத்து நிலத்தில் முப்பத்தைந்து குழி கேட்க முடியாது. பட்டாவும் தனியாக உரிமை ஆவணம் ஆகாது என்பதால், பத்திரமும் எல்லையும், நிலத்தை யார் அனுபவித்து வருகிறார் என்பதும் சேர்ந்தே பேசும்.

விற்பனைக்கு அவசரம் என்றால், இப்போதைக்கு பட்டாப்படி உள்ள 8,100 சதுர மீட்டருக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். 211 சென்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டு தரையில் காட்ட முடியாமல் போனால், வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார். விலையை மாவுக்குப் பேசினாலும் ஒப்பந்தத்தில் சதுர மீட்டரும் சென்ட்டும் எழுதுங்கள். வாங்குபவர் கடலூர்ப் பக்கத்துக்காரர் என்றால் காணி என்ற பேச்சே வேண்டாம். அங்கே காணி என்பது 1.32 ஏக்கர், நம் பழைய கணக்கிலோ அது வேலியில் 80-ல் ஒரு பங்கு, வெறும் 25 குழி.