பழைய பிளாஸ்டிக் கயாக்கிற்குப் பெயின்ட் அடித்துப் புதுசாக்க முடியுமா?

"அடிப்பாகம் முழுக்கக் கீறல், நிறமும் வெளுத்துப் போய்விட்டது, எந்தப் பெயின்ட் அடித்தால் ஒட்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் டப்பாவைத் திறக்காதீர்கள். இதே கேள்வியோடு கிளம்பி, ஒரு நல்ல கயாக்கை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகைப் பாழாக்கி, அதை மீட்டெடுக்க ஒரு மாதத்துக்கு மேல் உழைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

உங்களுடையதும் ஓரிரு கை மாறி வந்த படகு என்றே நினைக்கிறேன். என்னுடையது அப்படித்தான். சிவப்பு நிறம், நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வெயிலில் கிடந்து கிடந்து மேல்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல ஆகிவிட்டது. கையால் தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். அடியில் முன்னிருந்து பின்வரை கோடு கோடாகக் கீறல்கள். "எல்லா பிளாஸ்டிக்கிலும் ஒட்டும்" என்று டப்பாவில் போட்டிருந்த ஸ்பிரே பெயின்ட்டை வாங்கினேன். ஒட்டுவதற்குப் பிடிமானம் வேண்டுமே என்று 120 நம்பர் உப்புத்தாள் வைத்துப் படகு முழுவதும் தேய்த்தேன். முதல் தவறு அதுதான். இந்த பிளாஸ்டிக் தேய்த்தால் வழவழப்பாகாது, மயிர் மயிராக எழும்பும். போர்வையில் நூல் பிரிவது போல இருந்தது. அதன்மேல் மூன்று கோட் அடித்தேன். காய்ந்த பிறகு பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது, மறுக்கவில்லை.

முதல் தடவை தண்ணீரில் இறக்கித் திரும்பக் கரையேற்றும்போது அடியில் சரளைக்கல் உரசியது. திருப்பிப் போட்டுப் பார்த்தால், பெயின்ட் நகம் அகலத்துக்குச் சுருண்டு நின்றது. நுனியைப் பிடித்து இழுத்தேன், உள்ளங்கை அளவுக்கு ஒரே தோலாக உரிந்து வந்தது. கரையோரத் தண்ணீரில் சிவப்புத் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன. மீன் குஞ்சுகள் திரியும் இடம் அது. முழங்காலளவு தண்ணீரில் நின்று கையால் அள்ளி அள்ளி எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்திருக்க முடியாது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஏன் ஒட்டவில்லை என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரும்பாலான பிளாஸ்டிக் கயாக்குகள் பாலிஎத்திலீனில் செய்தவை. தூளாக அச்சில் கொட்டி, அடுப்பில் வைத்துச் சுழற்றிச் சுழற்றி உருக்கி எடுப்பார்கள். பெயின்ட்டோ பசையோ எளிதில் பற்றாத பொருள் அது. தண்ணீர் தெளித்தால் பரவாது, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பெயின்ட்டுக்கும் அதே கதிதான். உங்களுடையது பாலிஎத்திலீன்தானா என்று சந்தேகமிருந்தால் விளிம்பில் ஒரு சிறு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். மேலே வந்து மிதந்தால் அநேகமாக அதுதான். மூழ்கினால் ஏபிஎஸ் போல வேறு ஏதோ பிளாஸ்டிக். ஏபிஎஸ்ஸில் பெயின்ட் ஓரளவு நிற்கும், அது தனிக் கதை.

இங்கே ஒருவர் வந்து "தீச்சுவாலை காட்டிவிட்டு அடித்தால் ஒட்டுமே" என்று சொல்வார், தெரியும். உண்மைதான். காஸ் டார்ச்சின் நீலச் சுவாலை நுனி மேற்பரப்பை லேசாகத் தொடும்படி வேகமாக ஓட்டிக்கொண்டே போனால் மேல்தோல் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பிடிமானம் கிடைக்கும். தண்ணீர் தெளித்தால் முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவும், அதுதான் அடையாளம். வளைந்து கொடுக்கும் எபாக்ஸியை (இரண்டு பொருள்களைக் கலந்தால் இறுகும் பசை) ஒட்ட நானே அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் பெயின்ட் என்பது தலைமயிர் கனம்கூட இல்லாத படலம். கல்லில் தேயும் அடிப்பாகத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? தொழிலாகச் செய்பவர்கள் என்னைத் திருத்தலாம். வீட்டு வாசலில் வைத்துச் செய்யும் ஒருவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

சரி, எனக்கு விடிவு எப்படி வந்தது என்று சொல்கிறேன். பெயின்ட்டை உரித்துக்கொண்டிருந்தபோது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. பென்சில் சீவல் போல ஒரு சுருள் வந்து விழுந்தது. அந்த இடத்தில் தெரிந்த சிவப்பைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புதுப் படகின் நிறம்! இந்தப் படகுகளுக்கு நிறம் மேலே பூசப்படுவதில்லை, பிளாஸ்டிக்கோடு கலந்து முழுக் கனத்துக்கும் இருக்கிறது. கீறல் வெள்ளையாகத் தெரிவது நிறம் போனதால் இல்லை. கீறிய இடம் சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். நாம் பூச நினைக்கும் நிறம் படகுக்குள்ளேயே இருக்கிறது.

அதன்பிறகு செய்ததெல்லாம் இதுதான். கூரான பிளேடைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, கீறல்களின் ஓரத்தில் எழும்பி நிற்கும் நார்களை மட்டும் சீவினேன். வெளுத்துப் பொடிந்த மேல்தோலையும் மெல்லச் சுரண்டினேன். பிறகு ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினேன். சில நொடிகளில் மங்கலாக இருந்த இடம் ஈரம் பட்டது போல மினுமினுக்கும். மினுக்கம் வந்ததும் நகர்ந்துவிட வேண்டும். இந்த பிளாஸ்டிக் சுமார் 120, 125 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும், பேராசைப்பட்டு இன்னும் கொஞ்சம் காட்டினால் குழிந்துவிடும். ஆழமான கீறல்களை அப்படியே விட்டுவிட்டேன். சுவர் 5, 6 மில்லிமீட்டர் கனம் இருக்கும்போது 1 மில்லிமீட்டர் கீறலால் ஒன்றும் ஆகாது. நிரப்பத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லாத ஓர் இடம் இருக்கிறது, நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். பின்முனை. முன்பக்கத்தைத் தூக்கித் தரையில் இழுக்கும்போது அதுதான் உரசும். இரவில் படகைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளே பின்முனை ஓரமாக ஒரு டார்ச் லைட்டை வைத்துவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். கனமான இடம் இருட்டாக இருக்கும், தேய்ந்த இடம் ஒளிரும். கறுப்புப் படகில் இது தெரியாது, மற்ற பெரும்பாலான நிறங்களில் தெரியும். என் படகில் கட்டை விரல் அளவுக்கு ஒரு திட்டு, விளக்கை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கில் தெரியுமே, அப்படிச் சிவந்து எரிந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கியது. எத்தனை தடவை நடு ஆற்றுக்கு அதை ஓட்டிப் போயிருக்கிறேன்!

அந்தத் தேய்மானம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா கணவர் ஒரு விடுமுறைக்குப் படகைக் கேட்டார், கொடுத்தேன். முன் கைப்பிடியைப் பிடித்துத் தனியாளாக சிமென்ட் தளத்தில் கரகரவென்று இழுத்துப் போனார். "அத்தான், ரெண்டு பேராத் தூக்கலாமே" என்றால், "பிளாஸ்டிக்தானே மாப்ளே, என்ன ஆயிடப் போகுது" என்றார். ஏணி வாங்கிப் போனவரும் இப்படித்தான், ஒரு படி உடைந்து வந்தது. துளை போடும் மெஷின் வாங்கிப் போனவரும் இப்படித்தான். பொருளைக் கேட்டு வாங்கும்போது இருக்கும் பணிவு திருப்பித் தரும்போது ஏன் இருப்பதில்லை? கொடுக்க மறுத்தால் நாம் கஞ்சன். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனதில் இருக்கிறது.

பின்முனையை வெல்டிங் செய்துதான், அதாவது பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஒட்டித்தான் சரி செய்தேன். முதலில் ஒரு துணுக்கில் சூடான சால்டரிங் அயர்னை வைத்துப் பாருங்கள். தேன் போல இழுபட்டால் வெல்டிங் ஏற்கும். ரப்பர் மாதிரி ஆகி உருகாமல் நின்றால் அது குறுக்குப்பிணைப்பு பாலிஎத்திலீன் (மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்த வகை), வெல்டிங் பிடிக்காது, அதற்குத் தீச்சுவாலையும் எபாக்ஸியும்தான் வழி. உருகும் வகை என்றால் அதே பாலிஎத்திலீனில் செய்த குச்சி வேண்டும். குச்சி, படகு இரண்டுமே ஒரே நேரத்தில் மினுமினுக்க வேண்டும், பிறகு அழுத்த வேண்டும். குச்சி மட்டும் உருகினால் மெழுகு சொட்டியது போல மேலே உட்கார்ந்திருக்கும், ஆறியதும் நகத்தால் பெயர்க்கலாம். என் முதல் இரண்டு முயற்சி அப்படித்தான் பெயர்ந்தது. பழைய பிளாஸ்டிக் டிரம் துண்டில் ஒரு நாள் முழுக்கப் பழகிவிட்டுத்தான் மூன்றாவது தடவை படகில் கை வைத்தேன். ஆறியபின் மேடான இடத்தைக் கத்தியால் சீவினேன். உப்புத்தாளைத் தொடவே இல்லை. கதவு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகையை முகர வேண்டாம்.

நான்கு வருடமாகிறது, அந்த ஒட்டு அப்படியே இருக்கிறது. புதுப் படகு போல இருக்கிறதா என்றால் இல்லை, பக்கத்தில் வந்து பார்த்தால் கீறல்கள் தெரியும். ஆனால் நிறம் அதன் சொந்த நிறம். இப்போது நிழலில்தான் வைக்கிறேன், வெளியே வைக்க நேர்ந்தால் துணி போட்டு மூடிவிடுகிறேன்.

டார்ச் லைட் வைத்துப் பார்த்தீர்களா, பின்முனை ஒளிர்ந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். ஒளிர்ந்தால் அதைச் சரிசெய்யும்வரை ஆழமான தண்ணீருக்குக் கொண்டு போகாதீர்கள்.