முதல் முறை வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறேன். என்னென்ன காகிதங்கள் தேவை?

பட்டியல் சின்னதுதான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் என்றால் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்கு ஷிப்பிங் லைன் தரும் பத்திரம், சுருக்கமாக பி.எல்.), விமானம் என்றால் ஏர்வே பில், வாங்குபவர் கேட்டால் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் (பொருள் எந்த நாட்டில் ஆனது என்ற சான்றிதழ்). ஏற்றுமதி டிக்ளரேஷனைப் பெரும்பாலும் கஸ்டம்ஸ் ஏஜெண்டே போட்டுவிடுவார். உணவு, செடி, ரசாயனம் என்றால் தனிச் சான்றிதழ்கள் சேரும்.

நான் மாட்டிக்கொண்டது காகிதம் இல்லாமல் அல்ல. இருந்த காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல்தான். ஒருமுறை கடைசி நேரத்தில் நான்கு சிறு பெட்டிகளைப் பிரித்து இரண்டு பெரிய பெட்டிகளில் அடைத்தோம். பேக்கிங் லிஸ்டில் பெட்டி எண்ணிக்கையை 46 என்று திருத்தினேன். இன்வாய்ஸில் 48 அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கஸ்டம்ஸில் கன்டெய்னரைத் திறந்து எண்ணினார்கள். பொருள் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் சரக்கு அங்கே கிடந்த நாட்களுக்கான டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், என் தலையில் விழுந்தது. இப்போது எல்லாவற்றையும் அச்செடுத்து மேசையில் பரப்பி, ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் டிக் அடிக்கிறோம்: பெட்டி எண்ணிக்கை, நெட் எடை, கிராஸ் எடை, பெயர், முகவரி. பள்ளிக்கூடத்து டிக்டேஷன் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

எச்.எஸ். கோடு என்பது கஸ்டம்ஸுக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண். அதில் முதல் 6 இலக்கம்தான் நாடுகளுக்குப் பொது. மீதி நாட்டுக்கு நாடு மாறும், எனவே வாங்குபவரிடம் அவர்கள் ஊர்க் கோடைக் கேட்டுவிடுங்கள்.

பில் ஆஃப் லேடிங்கை மட்டும் சாதாரண ரசீது என்று நினைக்காதீர்கள். 'டு ஆர்டர்' என்று போட்ட, அதாவது கையெழுத்திட்டு இன்னொருவருக்கு மாற்றித் தரக்கூடிய, பி.எல். சரக்கின் உரிமைப் பத்திரம் மாதிரி. வழக்கமாக 3 ஒரிஜினல் தருவார்கள். முறைப்படி கையெழுத்திட்டு மாற்றிய ஒன்றைக் கொடுத்தாலே சரக்கு கிடைத்துவிடும், மற்ற இரண்டும் அதோடு செல்லாது. பணம் வருவதற்கு முன் வாங்குபவர் "ஒன்றை மட்டும் கூரியரில் அனுப்புங்களேன்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஏர்வே பில்லுக்கு இந்தப் பிடிமானம் கிடையாது. அதில் பெறுநர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் ஒரிஜினல் காட்டாமலே எடுத்துப் போய்விடலாம். விமானத்தில் அனுப்பினால் பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுவது நல்லது.

அப்புறம், மரப் பலகை மேல் அடுக்கி அனுப்பினால் அதில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மரத்தில் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான அடையாளம் அது. இல்லாவிட்டால் பல நாடுகளில் சரக்கையே திருப்பி அனுப்பக்கூடும். எல்.சி. (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) மூலம் பணம் என்றால், பி.எல். வரைவைக் கப்பல் கிளம்பும் முன்பே வாங்கி எல்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கிளம்பிய பிறகு திருத்தச் சொன்னால் ஷிப்பிங் லைன் அதற்குத் தனியாகக் காசு கேட்கும்.