பைக் பயணத்துக்குப் பின் மரத்துப்போதல்: எதற்குப் பயப்பட வேண்டும்?

உங்கள் ஆண்மைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பைக் பயணம் முடிந்து எனக்கு எழுதிய கடிதத்தில் விரல் மரப்பு, காது இரைச்சல், பூச்சிக்கடி, அடர்மஞ்சள் சிறுநீர் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஓட்டும்போது பிறப்புறுப்பு மரத்துப்போனதே, ஆண்மை போய்விடுமா என்று கடைசியில் ஒரே வரியில் தயங்கிக் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி. 38 வயதில் யாருக்கும் அந்தப் பயம் வரும். மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடலாம்; கூச்சம் வேண்டாம்.

மண் பாதையிலும் கல் ரோட்டிலும் இரண்டு நாள் முழுக்கக் குறுகிய சீட்டில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறீர்கள். உட்காரும்போது உடல் எடையைத் தாங்க வேண்டியவை பிட்டத்தின் அடியில் இருக்கும் இரண்டு எலும்புகள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க உடல் வழுக்கிப் பெட்ரோல் டேங்க் பக்கம் போய்விடும். அப்போது சீட்டின் ஒடுங்கிய முன்பகுதி அந்த எலும்புகளுக்கு நடுவில் உள்ள மென்மையான இடத்தை அழுத்தும். பிறப்புறுப்புக்கும் அதைச் சுற்றிய தோலுக்கும் உணர்ச்சி தரும் புடென்டல் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. நரம்பு அழுந்தினால் மரத்துப்போகும். அழுத்தம் விலகினால் உணர்ச்சி திரும்பும். டென்ட் போட்டுப் படுத்த இரண்டு இரவுகளிலும் விடிவதற்குள் சரியாகிவிட்டது, வீடு திரும்பிய பிறகு மரப்பே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நரம்பு பிழைத்துக்கொண்டது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி தேவையில்லை.

ஒரு வாரமாகக் காலையில் விறைப்பு இல்லை என்பதற்கு முதுகுவலி, கெட்ட தூக்கம், விழுங்கிய மாத்திரைகள், எல்லாவற்றுக்கும் மேலாக நள்ளிரவு வரை இணையத்தில் நீங்கள் படித்த பயங்கரக் கதைகள் ஆகியவையே போதுமான காரணம். தொலைபேசியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள். மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் பைக்கைக் குறை சொல்லாமல் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பரிசோதியுங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் இரண்டே வரியில் கடந்துபோன இன்னொரு விஷயம். இரண்டாம் நாள் ஆற்றைக் கடக்கும்போது பைக் சாய்ந்திருக்கிறது. நண்பர்கள் வரும்வரை காத்திருக்காமல், பைகளைக்கூடக் கழற்றாமல், தனியாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறீர்கள். பைகளோடு சேர்த்தால் அது 200 கிலோவுக்குக் குறையாது. அந்த நிமிடம் இடுப்பில் சுரீர் என்றிருக்கிறது. அன்றிலிருந்து வலி வலது பிட்டம் வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. இது பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி ஒரு நரம்பு வேரை உரசுவதால் வருவது. பலருக்குச் சில வாரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே அடங்கிவிடும். ஆனால் இதே வட்டு நடுப்பக்கமாகப் பெரிதாகப் பிதுங்கினால் கதை வேறு.

தண்டுவடம் இடுப்பு முதுகெலும்பில் முதல் அல்லது இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் ஒரு கற்றையாக இறங்குகின்றன. கால்களை அசைப்பவை, சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்துபவை, பிறப்புறுப்புக்கு உணர்ச்சி தருபவை எல்லாம் அந்தக் கற்றைக்குள்தான். பெரிய பிதுக்கம் ஒன்று அதை மொத்தமாக நெரித்தால் காடா ஈக்வைனா என்ற நிலை வரும். அரிதானதுதான். ஆனால் வந்தால் அங்கே மணிக்கணக்குத்தான் பேச்சு. நரம்பு நெரிபடும் நேரம் நீள நீள, சிறுநீர்ப்பையும் தாம்பத்திய உணர்வும் முழுமையாக மீளும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

சீட்டில் உட்கார்ந்ததால் வரும் மரப்பையும் இதையும் நீங்களே பிரித்தறியலாம். சீட் மரப்பு ஓட்டும்போது வந்து, இறங்கி ஓய்வெடுத்தால் விலகும். நரம்புக் கற்றை நெரிந்தால் வரும் மரப்பு, நீங்கள் படுத்திருந்தாலும் போகாது. ஆசனவாயைச் சுற்றி, தொடைகளின் உட்புறம், பிறப்புறுப்பு என்று பரவும். கழிவறையில் துடைக்கும்போது கை படுவதே தெரியாது. சிறுநீர் தொடங்கவே முக்க வேண்டியிருக்கும், போவது தெரியாமல் போகும், அல்லது பை நிரம்பியும் முட்டுகிற உணர்வே இராது. ஒரு காலில் இருந்த வலி இரண்டு கால்களுக்கும் பரவலாம், பாதம் தொய்யலாம். இவை எல்லாம் ஒன்றாக வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். முதுகுவலியோடு இவற்றில் ஒன்று புதிதாகத் தொடங்கினாலும் அது நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாசலிலேயே, “முதுகுவலி இருக்கிறது, சிறுநீர் சரியாகப் போகவில்லை, அடியில் மரத்துப்போயிருக்கிறது” என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய நிலை அது. கால் வலி திடீரென்று குறைந்து அந்த இடத்தில் மரப்பு கூடினால் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அது கெட்ட மாற்றம்.

சிறுநீரின் நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது தடையில்லாமல் போகிறதா என்று எழுதவில்லை. இதைப் படித்து முடித்ததும் அதைக் கவனியுங்கள். சரியாக இருந்தாலும், கெண்டைக்கால் வரை இறங்கும் வலிக்கு இந்த வாரமே ஒரு எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ நேரில் பாருங்கள். காலின் பலத்தையும் உணர்ச்சியையும் கடிதத்தில் சோதிக்க முடியாது.

இனி மாத்திரைகள். நண்பர் ஒருவர் கொடுத்த டைக்ளோஃபெனாக், உங்கள் பையில் இருந்த ஐபுபுரூஃபன், இரண்டையும் சேர்த்து நான்கு நாள் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே இனம். சேர்த்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது. வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் ஆபத்துதான் கூடும். அதுவும் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓட்டிவிட்டு வந்த உடம்பில் இவை சிறுநீரகத்துக்கு நேரடிச் சுமை. பயணப் பையில் மருந்து இருப்பது நல்லது. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பதுதான் கூடாது. பிறகு, நரம்பு பலப்பட என்று இணையத்தில் பார்த்து அதிக அளவு பி6 வாங்கியிருக்கிறீர்கள். அந்த வைட்டமினை நீண்ட நாள் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் அதுவே கை கால்களின் உணர்வு நரம்புகளைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும். இன்றே நிறுத்துங்கள்.

மற்றவை எல்லாம் சில்லறை. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தது, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டில் அந்த விரல்களுக்குப் போகும் அல்னார் நரம்பை நசுக்கியதால். பக்கவாதம் இப்படி இரண்டு கைகளிலும் சமமாக இரண்டு விரல்களைத் தேர்ந்தெடுத்து வராது. சில வாரங்களில் சரியாகும். பிடியின் பலம் குறைந்தால் மட்டும் காட்டுங்கள். காது இரைச்சல் ஹெல்மெட்டுக்குள் அடித்த காற்றால் வந்தது. அடுத்த முறை காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் இரண்டு லிட்டர் தண்ணீரில் வெளுத்துவிட்டதல்லவா, அதோடு அது முடிந்தது. காலில் ஒட்டியிருந்த உண்ணியை நெருப்பால் சுட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இனி அப்படிச் செய்யாதீர்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவப்போ வந்தால் மருத்துவரிடம், காட்டில் முகாம் போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்று வாரத்தில் அடுத்த பயணம், போகலாமா என்று கேட்கிறீர்கள். கால் வலி இருக்கும்வரை கூடாது. நண்பர்கள் என்ன சொன்னாலும் சரி. வலி முழுக்க விலகி, மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகு போங்கள்; இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிடச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. கரடுமுரடான இடங்களில் கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கை அணைத்து ஓட்டுங்கள். குலுங்கலைக் கால்கள் வாங்கிக்கொள்ளும், முதுகு தப்பும், சீட்டின் அழுத்தமும் விலகும். நிற்கும்போது குனிய வேண்டியிருந்தால் ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்திப் பொருத்துங்கள். பைக் சாய்ந்தால் முதலில் எஞ்சினை அணையுங்கள், பைகளைக் கழற்றுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். தனியாகத் தூக்குவதில் எந்த வீரமும் இல்லை.

உங்களோடு வரும் மூவருக்கும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். மருத்துவமனையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் கூடாரம் போடுகிறவர்கள் நீங்கள். யாருக்காவது முதுகில் அடிபட்டு அன்றிரவு சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரைப் பைக்கில் ஏற்றாதீர்கள், அவரையே ஓட்டவும் விடாதீர்கள். ஒருவர் துணைக்கு இருக்க, மற்றவர் போய் ஜீப்போ ஆம்புலன்ஸோ அழைத்து வரட்டும்.