சுகர் கட்டுக்குள் இருந்தும் கால் ஏன் எரிகிறது?

கேள்வி: வயது 63, சுத்த சைவம். 12 வருஷமாக சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மூன்று மாத சராசரி 7-ஐத் தாண்டியதில்லை. நெஞ்செரிச்சலுக்கும் தினம் காலையில் ஒரு மாத்திரை உண்டு. இரண்டு வருஷமாக உள்ளங்கால் எரிகிறது, எறும்பு ஊர்கிறது. ராத்திரி போர்வை பட்டாலே தாங்கவில்லை. ஆனால் போன மாசம் உச்சி வெயிலில் பிரகாரம் சுற்றி வந்தேன், சுட்டதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தேன். குளிக்கும்போது முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நர்வ் டெஸ்ட் நார்மல். ‘சுகர், வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். மெடிக்கலில் கேட்டு நரம்பு சத்து மாத்திரை போடுகிறேன். இதற்குக் காரணமே தெரியாதா?
ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்த சோப்பு வரியைத்தான். பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் சரியாக வேலை செய்யாதபோது, கண்தான் அந்தக் குறையை ஈடுகட்டும். கண்ணையும் மூடினால் ஆள் தள்ளாடுவார். சுகரிலும் இது வரலாம். ஆனால் சைவச் சாப்பாடு, 12 வருஷ மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சல் மாத்திரை மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் நான் முதலில் பார்ப்பது வைட்டமின் பி12. அந்த இரண்டு மாத்திரைகளும் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அது குறைந்தால் கால் நரம்பு மட்டுமல்ல, தண்டுவடமும் கெடும். அப்போது நர்வ் டெஸ்ட் நார்மலாகவே வரலாம். எரிச்சலையும் சூட்டையும் உணரும் மெல்லிய நரம்புகள் அந்த டெஸ்டில் அகப்படுவதும் இல்லை. ரத்தம் குறைவில்லை, ஹீமோகுளோபின் 12 இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். ரத்தசோகை இல்லாமலே நரம்பு கெடுவதுண்டு.

சிக்கல் உங்கள் நரம்பு சத்து மாத்திரையில் இருக்கிறது. அதில் பி12 இருந்தால் ரத்தத்தில் அளவு ஏறிக் காட்டி, உண்மையை மறைத்துவிடும். பி6 அதிகமாக இருந்து மாதக்கணக்கில் போட்டிருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நரம்புக்கென்று வாங்கியது நரம்பையே தின்பது கொடுமைதான், ஆனால் நடக்கிறது. மாத்திரை அட்டையை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். பி12 இரண்டுங்கெட்டானாக வந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் (உடம்புக்குள் பி12 போதாவிட்டால் ரத்தத்தில் ஏறும் பொருள்) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூடவே தைராய்டு, சிறுநீரகம், ரத்தப் புரதம். இசைக்கவை என்ற உலோகக் கவையைத் தட்டி, கால் கட்டை விரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தார்களா? அரை நிமிஷ வேலை, செலவில்லை, ஆனாலும் பலர் செய்வதில்லை. இதெல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாமல் போவது உண்டு. பார்க்காமலே ‘வயசு’ என்று சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 குறைவுதான் என்று தெரிந்தால் ஊசி போடுவார்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். பழைய சேதம் முழுக்கத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, மேலும் கெடாமல் நிறுத்தலாம். ராத்திரி எரிச்சலுக்குத் தனி மாத்திரை உண்டு, பொறுத்துக்கொண்டு படுக்க வேண்டாம்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள், ஆறாவிட்டால் உடனே காட்டுங்கள். தினமும் படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வெந்நீரைக் காலால் அல்ல, முழங்கையால் சோதியுங்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு (சுகர்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) போடுங்கள். குளியலறையில் ஒரு பிடிமானக் கம்பி அடிக்கச் சொல்லுங்கள், முகம் கழுவுவதை உட்கார்ந்தே செய்யுங்கள். கோயிலுக்குக் காலை வெயில் ஏறுமுன் போய்விட்டு வாருங்கள். தாமதமாகிவிட்டால் தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.