காதில் விழட்டும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தை லேப்டாப்பில் மறுபடி பார்த்தேன். சின்ன வயதில் சிலிர்த்துப் பார்த்த படம். இப்போது இசை தொந்தரவாக இருந்தது. இப்போது பயப்படு, இப்போது கைதட்டு என்று ட்ரம்பெட் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது. நல்ல பின்னணி இசை இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும் என்று எங்கள் எடிட்டிங் வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் இந்தப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இசையெல்லாம் ஒருவகை ஏமாற்று வேலைதானே? நான் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன், லிங்க் இணைத்துள்ளேன். கீபோர்டில் இருக்கும் சாம்பிள் வயலின்களே போதுமா, நிஜமான வாத்தியக்காரர்களைத் தேட வேண்டுமா? கடைசியாக ஒன்று: ஜான் வில்லியம்ஸ், இளையராஜா, இருவரில் யார் பெரியவர்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை டீக்கடை பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கே அதற்கு நல்ல மரியாதை கிடைக்கும். ஏமாற்று வேலையா என்ற கேள்விக்கும் பெரிய பதில் ஒன்றும் இல்லை. துணியில் வெளிச்சம் அடித்து அதைப் பாலைவனம் என்று நம்பவைக்கும் தொழிலில், இசையை மட்டும் கூண்டில் ஏற்றி என்ன ஆகப்போகிறது?

ஆனால் அந்த நடுவரியை விடமாட்டேன். இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டுமாம்! இதை வேதவாக்கு மாதிரி ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஒளிப்பதிவைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை, நடிப்பைப் பற்றியும் சொல்வதில்லை. இசை மட்டும் கல்யாண வீட்டில் தூரத்து உறவுக்காரர் போல மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

நீங்கள் பார்த்த அதே படத்தை எடுத்துக்கொள்வோம். கொஞ்ச நாளாக நானும் அந்த 1981-ஆம் வருட இசையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ட்ரம்பெட் உத்தரவு போடுகிறது என்கிறீர்கள். எப்போது போடுகிறது என்று கவனித்தீர்களா? படம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு மேல் அந்தப் புகழ்பெற்ற மார்ச், அதாவது அந்த அணிவகுப்பு மெட்டு, வரவே வராது. நாயகன் இண்டியானா ஜோன்ஸின் தொப்பி வருகிறது, சாட்டை வருகிறது, முகம் வெளிச்சத்துக்கு வருகிறது. நம்மூர்க் கணக்கில் அங்கேயே கொட்டியிருக்க வேண்டும். இசையமைத்த ஜான் வில்லியம்ஸ் கொட்டவில்லை. குகைக்குள் தந்தி வாத்தியங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். தங்கச் சிலையை எடுத்து, உருண்டு வரும் பாறைக்குத் தப்பி வெளியே வந்தால், எதிராளி பெல்லாக் அதைப் பறித்துக்கொள்கிறான். பின்னால் பழங்குடிகள் அம்போடு துரத்துகிறார்கள். வெறுங்கையோடு, உயிருக்குப் பயந்து, ஆற்றில் நிற்கும் விமானத்தை நோக்கி ஓடுகிறான் பாருங்கள், அங்கேதான் முதல்முறையாக மார்ச் எழுகிறது. தோற்று ஓடுகிறவனுக்கு வெற்றிக் கொடி! அடுத்த நிமிடமே விமானத்துக்குள் பாம்பைப் பார்த்து அலறுகிறான். இந்த ஆள் யார், இவனை எவ்வளவு மதிக்க வேண்டும், எவ்வளவு சிரிக்கலாம் என்பதை அந்த இடத்தில் வசனமா சொல்கிறது? இதை 'கவனிக்காமல்' பார்க்கச் சொன்னால், தம்பி, படத்தில் பாதியை விட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மார்ச் உருவான கதையும் இதையே சொல்கிறது. வில்லியம்ஸ் இரண்டு மெட்டுகள் போட்டுக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாராம். இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு இரண்டுமே பிடித்துவிட்டது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்றார். ஒன்று மார்ச்சின் முதல் பகுதி ஆனது, மற்றது நடுப்பகுதி. மூலையில் உட்காரப்போகும் இசைக்கு யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

எங்கள் தெருவில் ஒருமுறை இந்தப் படத்துக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தார்கள். ராத்திரி, வாசலில் டிவி, தரையில் பாய். படம் பாதியில் இருக்கும்போது சத்தம் மட்டும் போய்விட்டது. டெக்காரர் வயரை ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு "படம் தெரியுதில்ல, பாருங்க" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விட்டார். பாலைவனத்தில் லாரியைத் துரத்தும் காட்சி வந்தது. தியேட்டரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த காட்சி. சத்தமில்லாமல் பார்த்தால், குதிரையில் ஒருவன் போகிறான், லாரியில் தாவுகிறான், விழுகிறான், மறுபடி ஏறுகிறான். இவ்வளவு நீளமாகவா இருந்தது என்று தோன்றியது. பெரியவர்கள் கொட்டாவி விட்டார்கள். அப்போது எங்கள் சித்தப்பா பையன் வாயாலேயே ஆரம்பித்தான். பப்பபப்பா. இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள், ஒருவன் தகர டப்பாவைத் தட்டினான். இதில் விசேஷம் என்னவென்றால், கண்டபடி பாடவில்லை. நாயகன் லாரியிலிருந்து தூக்கி எறியப்படும்போது நிறுத்தினார்கள், பிடித்து ஏறும்போது எடுத்தார்கள். ஒரே ஒருமுறை தியேட்டரில் பார்த்த பையன்கள்! எந்த இடத்தில் மெட்டு வரும், எந்த இடத்தில் உடையும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இருப்பது தெரியாத இசையை எந்தப் பையன் இப்படிப் பாடுவான்?

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1933-இல் 'கிங் காங்' படத்துக்கு இசையமைத்த மாக்ஸ் ஸ்டெய்னர், தொடக்கத்து நியூயார்க் காட்சிகளை இசையே இல்லாமல் விட்டார். கப்பல் மூடுபனிக்குள் நுழைந்து தீவை நெருங்கும்போதுதான் ஆர்க்கெஸ்ட்ரா மெல்லத் தொடங்கும். இனிமேல் வேறு உலகம் என்று நமக்குச் சொல்வது அந்தப் பனியும் இசையும்தான். 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய எரிக் கோர்ன்கோல்ட், அதற்கு முன்பே ஐரோப்பாவில் ஓபரா என்னும் இசை நாடகங்களால் பெயர் வாங்கியவர். வாள்சண்டைக்கும் ஓபரா போலவே எழுதினார். வில்லியம்ஸின் ட்ரம்பெட்டுகளுக்கு அவர்தான் தாத்தா.

சரி, வில்லியம்ஸின் சுறாப் படம் 'ஜாஸ்'. இரண்டே ஸ்வரம், சுறா வருகிறது. இதையும் உத்தரவு என்பீர்கள். அதில் இரண்டு பையன்கள் அட்டையில் சுறாவின் முதுகுத் துடுப்பு செய்து கடற்கரையையே அலறவைப்பார்களே, அந்த இடத்தில் அந்த ஸ்வரங்கள் வராது. உண்மையான சுறாவுக்கு மட்டும்தான் வரும். நம்மை அறியாமலே அந்த இசையை நம்பப் பழகிவிடுகிறோம். அப்புறம் ஒருநாள் ஊர்க் காவல்துறைத் தலைவர் பிராடி படகின் ஓரத்தில் இரையைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, இசையே இல்லாமல், சுறா நேராக மேலே வருகிறது. நாற்காலியிலிருந்து எகிற வைத்தது எது? வராமல் போன இசை. காதில் விழும்படி வந்திருந்தால்தானே வராதபோது தெரியும்!

1982-இல் 'ஈ.டி.' படத்தின் கடைசிப் பகுதிக்கு வில்லியம்ஸால் ஒவ்வொரு வெட்டுக்கும் பொருந்தும்படி வாசிக்க வைக்க முடியவில்லை. ஸ்பீல்பெர்க் திரையை அணைத்துவிட்டு, கச்சேரியில் நடத்துவது போல நடத்துங்கள், படத்தை நான் அதற்கேற்ப வெட்டிக்கொள்கிறேன் என்றார். சைக்கிள்கள் பறப்பதும் பிரிவதுமான அந்தக் காட்சிகள் இசையின் மூச்சுக்கு வெட்டப்பட்டவை. உங்கள் எடிட்டிங் வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்று நீங்கள் கேட்கும் 'தெரியாத' இசை எங்கிருந்து வருகிறது தெரியுமா? எடிட் செய்யும்போதே பழைய படத்து இசை எதையாவது டெம்ப் ட்ராக்காக, அதாவது தற்காலிக இசையாகப் போட்டு, அதிலேயே மாதக்கணக்கில் ஊறி, பிறகு இசையமைப்பாளரிடம் 'இதே மாதிரி, ஆனால் இது இல்லாமல்' என்று கேட்கிறார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? ஒரு உறுமல், ஒரு துடிப்பு, அடியில் ஒரு இழுவை. மெட்டு போட்டால் பழையதுபோல் இல்லை என்பார்கள்.

வாத்தியக்காரர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' பதிவுக்கு லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் முதன்மை ட்ரம்பெட் வாசித்தவர் மாரிஸ் மர்ஃபி. அந்தக் குழுவோடு அவருடைய முதல் வேலையே அதுதான். தொடக்கத்தில் அந்த உயர்ந்த ஸ்வரத்தை ஒரு மனிதன் நெஞ்சுக்கூட்டிலிருந்து காற்றைத் தள்ளித் தொடுவது கேட்கும். சாம்பிளுக்கு மூச்சு வாங்காது. காசு இருந்தால் ஒரே ஒரு வயலின்காரரையாவது கூப்பிடுங்கள். இல்லையென்றால் கீபோர்டே போதும், கவலைப்படாதீர்கள், உங்கள் வயதில் கையில் கிடைத்ததை வைத்துத்தான் எல்லோரும் செய்திருக்கிறார்கள்.

குறும்படத்தைப் பார்த்தேன். அந்தப் பேருந்து நிறுத்தக் கிழவியின் முகத்தை எடுத்திருக்கும் விதம் அருமை, நிஜமாகவே சொல்கிறேன். ஆனால் முதல் ஃப்ரேமிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒரு நொடிகூட வயலின் நிற்கவில்லை. கிழவி பேசும்போதும் இழுக்கிறது, பேசாதபோதும் இழுக்கிறது. உங்கள் வாத்தியார் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது, மூன்றாவது நிமிடத்துக்கு மேல் அது என் காதிலேயே விழவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் வைத்து மறுபடி அனுப்புங்கள்.