முழுமைத் திட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நில உபயோக வரைபடத்தை எங்கள் நகர்மன்றம் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி அதுதானே சட்டம்?

பதில்: இல்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அந்த வரைபடம் அடங்கிய முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) உள்ளூர் திட்டக் குழுமம் தயாரிக்கும் வரைவு, அரசின் இசைவு பெற்று அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்கப்பட்டு, ஆட்சேபணைகளைக் கேட்டுத் திருத்தப்பட்டு, மீண்டும் அரசின் ஒப்புதலுக்குச் செல்ல வேண்டும். அந்த ஒப்புதல் அரசிதழில் வெளியாகும் நாளில்தான் திட்டம் நடைமுறைக்கு வருகிறது.

கேள்வி: பட்டாவில் நஞ்சை, வரைபடத்தில் குடியிருப்பு. எது சரி?

பதில்: இரண்டும் சரி. முன்னது வருவாய்த் துறையின் பதிவு, பின்னது திட்ட அனுமதிக்கானது. இரண்டையும் பார்க்காமல் மனைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள் என்று மீண்டும் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள நிலத்தைத் தொழிற்சாலைப் பகுதியாக்கிவிட்டார்கள். வரைவு போன வருடமே வந்ததாம். கவுன்சிலரிடம் பலமுறை சொன்னோம். என்ன செய்வது?

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் பாதி இத்தகையவை, எல்லாமே காலம் கடந்து எழுதப்பட்டவை. வரைவு அரசிதழில் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது 2 மாத அவகாசத்தை 26ஆம் பிரிவு தருகிறது. ஆட்சேபணை எழுத்துமூலம் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. கவுன்சிலரிடம் வாய்மொழியாகச் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது. நேர்முக விசாரணை கோரியவர்களுக்கே அந்த வாய்ப்பை அளிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதால், அக்கோரிக்கையையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும். ‘தெருவுக்குப் பின்னால்’ என்ற அடையாளத்தை வைத்துக்கொண்டு எந்த அலுவலராலும் வரைபடத்தில் இடத்தைக் கண்டறிய முடியாது. நீங்கள் எனக்கு எழுதியதிலும் கிராமத்தின் பெயரோ சர்வே எண்ணோ இல்லை. நூறு பேர் கையொப்பமிட்ட பொதுவான மனுவைவிட, சர்வே எண், உட்பிரிவு, அருகிலுள்ள வீடுகளுக்கும் பள்ளிக்கும் நீர்நிலைக்கும் உள்ள தூரம் ஆகியவற்றைக் காட்டும் ஒரே மனு வலுவானது. அரசின் இறுதி ஒப்புதல் வந்துவிட்டதா என்று முதலில் விசாரியுங்கள். வரவில்லையெனில், ஏற்கும் கட்டாயம் திட்டக் குழுமத்துக்கு இல்லாவிட்டாலும், இன்றே மனு கொடுங்கள். வந்துவிட்டால், திட்டத்தை மாற்ற வழி சொல்லும் 32ஆம் பிரிவின்படி கோர வேண்டியதுதான். அது நெடிய வழி.

கேள்வி: சென்னையின் இப்போதைய திட்டம் எதுவரை?

பதில்: 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026.

கேள்வி: என் நிலத்தின் குறுக்கே சாலை காட்டி ஐந்தாறு வருடம் ஆகிறது. இன்னும் எடுக்கவில்லை.

பதில்: வரைவு பற்றிய அறிவிப்பு அரசிதழில் வந்து 3 ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கையோ உடன்பாட்டின்படி வாங்குவதோ நிகழாவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது 38ஆம் பிரிவு. அரசிதழின் நகலையும் சர்வே எண்ணையும் இணைத்துத் திட்டக் குழுமத்துக்கு எழுதுங்கள். ‘ஐந்தாறு வருடம்’ என்று எழுதாமல் அரசிதழின் தேதியைக் குறிப்பிடுங்கள்.